கிளினிக்கில் நோயாளி விவரங்களைக் காப்பது எப்படி: ரிசப்ஷன் மேசை முதல் பழைய பேப்பர் கடை வரை

வேலூரில் ஏதாவது ஒரு கிளினிக்கின் ரிசப்ஷனில் காலை பத்து மணிக்கு நின்று பாருங்கள். குடியாத்தத்திலிருந்து பேரனோடு வந்த பாட்டி, ஆம்பூர் ஷூ கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்த பெண், சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வந்த குடும்பம், சிஎம்சி ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்காக லாட்ஜில் தங்கியிருக்கும்போது காய்ச்சல் கண்ட வங்காளக்காரர். நால்வரும் ஒரே மேசையில்தான் பெயர், வயது, போன் நம்பர், "என்ன பிரச்சினை" எல்லாவற்றையும் சொல்கிறார்கள். பின்னால் நிற்கும் ஆறு பேருக்கும் அது காதில் விழுகிறது.

தகவல் கசிவு என்றால் எல்லோரும் ஹேக்கரைத்தான் நினைக்கிறோம். அந்த ஆபத்தும் உண்மைதான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களே முடங்கி, பல நாள் எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டியிருந்தது. ஆனால் இரண்டு மூன்று டாக்டர்கள் பார்க்கும் கிளினிக்கில் தகவல் பெரும்பாலும் வெளியே போவது வாய், பேப்பர், வாட்ஸ்அப் என்ற மூன்று வழிகளில்தான். இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் செலவு செய்து ஆன்டிவைரஸ் வாங்கிப் பயனில்லை. அதனால் நோயாளி நடந்து போகும் வழியிலேயே ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம், தேவையான அளவுக்கு

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. கிளினிக்குகளுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமலுக்கு வருகின்றன. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சின்ன கிளினிக்குக்கு அவ்வளவு விதிப்பார்களா என்பது வேறு விஷயம். கடமை எல்லோருக்கும் ஒன்றுதான்.

"அதுவரை நேரம் இருக்கிறதே" என்று நினைக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகள் மருத்துவ விவரங்களை ஏற்கெனவே அந்தரங்கத் தகவல் என்றுதான் வகைப்படுத்தியிருக்கின்றன. டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளும் நோயாளியின் ரகசியத்தை வெளியிடுவதைக் குற்றமாகச் சொல்கின்றன. கோர்ட் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் ஆகியவை மட்டும் விலக்கு. 2023 சட்டம் கம்ப்யூட்டரில் உள்ளதற்கும், பேப்பரில் வாங்கிப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றியதற்கும்தான் பொருந்தும். வெறும் நோட்டில் இருப்பதற்கு இந்த நடத்தை விதிகள் காவல்.

படி 1: ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வெள்ளைத்தாள்

கிளினிக் மூடியிருக்கும் நாளில் டாக்டரும் ரிசப்ஷன் பொறுப்பாளரும் உட்கார்ந்து, நோயாளியின் பெயர் எங்கெல்லாம் எழுதப்படுகிறது என்று பட்டியல் போடுங்கள். ஓபி நோட்டு, டோக்கன் சீட்டு, பில் புக், பிரிஸ்கிரிப்ஷன், லேப் ரெக்விசிஷன், சாம்பிள் குழாயில் ஒட்டும் லேபிள், லேப் ரிஜிஸ்டர், ஸ்கேன் மெஷினின் ஹார்ட் டிஸ்க், எக்ஸ்ரே உறை, மருந்துக்கடை பில், கிளினிக் போனின் வாட்ஸ்அப், டாக்டரின் சொந்த போன், சிசிடிவி பதிவு, ஆடிட்டருக்குப் போகும் எக்ஸெல் ஷீட். சாதாரணமாக பதினைந்து இடங்களுக்குக் குறையாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கேள்விகள்: எதற்காக வைத்திருக்கிறோம், யார் பார்க்கிறார்கள், எவ்வளவு நாள் வைக்கிறோம், கடைசியில் எங்கே போகிறது. நான்காவது கட்டம் பல இடங்களில் காலியாக நிற்கும். ஆபத்து அங்கேதான்.

படி 2: தேவையில்லாததைக் கேட்காதீர்கள்

பழைய பதிவுப் படிவங்களில் இன்னும் மதம், சாதி என்று கட்டங்கள் இருக்கின்றன. காய்ச்சலுக்கு மருந்து எழுத அது எதற்கு? அடித்துவிடுங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பாலினம், ஊர், போன் நம்பர், ஒவ்வாமை ஆகியவை ஓபிக்குப் போதும். ஆதார் ஜெராக்ஸ் வாங்கி ஃபைலில் போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். இன்சூரன்ஸுக்கு அடையாளம் வேண்டும் என்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்ட் ஆதாரைக் கேளுங்கள். அரசின் சுகாதார அடையாள எண்ணான 14 இலக்க ஆபா எண் நோயாளி விருப்பப்பட்டால்தான். அது இல்லை என்று டோக்கன் மறுக்கக் கூடாது.

ஆனால் ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது: ஆள் மாறாமல் இருக்கத் தேவையான விவரம். ஒரே நாளில் இரண்டு எஸ். லட்சுமி வருவது நம் ஊரில் சகஜம். இனிஷியலும் பெயரும் மட்டும் வைத்து ஃபைல் எடுத்தால் ஒருவருடைய ரிப்போர்ட் இன்னொருவர் கைக்குப் போகும். அது ரகசியக் கசிவு மட்டுமல்ல, தவறான சிகிச்சையும்கூட. ஒவ்வொருவருக்கும் நிரந்தர எண் ஒன்று கொடுங்கள். எதைக் கொடுக்கும் முன்பும் இரண்டு விவரம் சரிபாருங்கள். "லட்சுமியம்மாதானே?" என்று கேட்டால் காது மந்தமான பாட்டியும் "ஆமாம்" என்று தலையாட்டிவிடுவார். "உங்க பேரு சொல்லுங்கம்மா, வீட்டுக்காரர் பேரு என்னங்க?" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

படி 3: ரிசப்ஷன் மேசை

பணம் அதிகம் தேவைப்படாத, பலன் அதிகம் கிடைக்கிற இடம் இதுதான்.

தரையில் மேசையிலிருந்து ஐந்தடி தள்ளி மஞ்சள் டேப் ஒட்டி, அடுத்தவரை அதற்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். முதல் வாரம் யாரும் கேட்க மாட்டார்கள், இரண்டாவது வாரம் பழகிவிடும். நோட்டு திறந்தே கிடந்தால் கையெழுத்துப் போட வருபவர் மேலே உள்ள இருபது பெயரையும் படிப்பார். அதற்கு ஓர் எளிய வழி உண்டு: நோட்டின் அளவுக்குக் கனமான அட்டை ஒன்றை எடுத்து, நடுவில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீளமாக ஒரு ஜன்னல் வெட்டுங்கள். பக்கத்தின் மேல் அட்டையை வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி கீழே நகர்த்துங்கள். அவர் வரி மட்டும் தெரியும், மற்றது மறைந்துவிடும். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

"என்ன பிரச்சினை" என்ற கேள்வியை ரிசப்ஷனில் கேட்கவே வேண்டாம். எந்த டாக்டர் என்று மட்டும் கேளுங்கள். அவசரமா என்று தெரிய வேண்டுமானால் "மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்தம் போகுதா, ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் போதும். கூப்பிடும்போது டோக்கன் நம்பர். "அந்த ஷுகர் பாய் வாங்க", "நேத்து அபார்ஷனுக்கு வந்த அக்கா" என்ற பேச்சு ஒரே நாளில் நிற்க வேண்டும். வாணியம்பாடியோ குடியாத்தமோ, காத்திருக்கும் பெஞ்சில் நோயாளியின் தெருக்காரர் ஒருவராவது இருப்பார்.

கம்ப்யூட்டர் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். சிசிடிவி கேமரா அந்தத் திரையைப் பார்க்கிறதா என்றும் பாருங்கள். பல இடங்களில் திருட்டுக்குப் பயந்து கல்லாவுக்கு மேலே மாட்டிய கேமரா, பில்லிங் திரையில் ஓடும் பெயர்களை நாள் முழுக்கப் பதிவு செய்துகொண்டிருக்கும். பரிசோதனை அறையிலும் ஊசி போடும் அறையிலும் கேமரா கூடவே கூடாது.

படி 4: அறிவிப்பும் சம்மதமும்

சிகிச்சைக்காக நோயாளி தானே சொன்ன விவரத்தைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தவும், உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் உதவவும் சட்டம் வழி விட்டிருக்கிறது. அதற்கெல்லாம் பத்துப் பக்கப் படிவம் தேவையில்லை. ஆனால் அதே போன் நம்பருக்கு "இலவசக் கண் முகாம்", "முழு உடல் பரிசோதனையில் தள்ளுபடி" என்று செய்தி அனுப்புவது வேறு நோக்கம். அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். இரண்டையும் ஒரே கையெழுத்தில் சேர்ப்பதுதான் கிளினிக்குகள் அடிக்கடி செய்யும் தவறு.

படிவம் இந்த அளவில் இருக்கலாம்:

"உங்கள் பெயர், வயது, போன் நம்பர், நோய் விவரம், பரிசோதனை முடிவுகளை உங்கள் சிகிச்சைக்காக வைத்திருக்கிறோம். எங்கள் லேப், மருந்தகம், நீங்கள் சொல்லும் இன்சூரன்ஸ் நிறுவனம், சட்டப்படி தெரிவிக்க வேண்டிய அரசுத் துறை தவிர வேறு யாருக்கும் உங்களைக் கேட்காமல் தரமாட்டோம். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா? ஆம் / வேண்டாம். முகாம், தள்ளுபடிச் செய்தி அனுப்பலாமா? ஆம் / வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் இதை ரிசப்ஷனிலோ இந்த நம்பரிலோ மாற்றலாம். தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம். குறை இருந்தால் எங்கள் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் புகார் செய்யலாம்."

எந்தக் கட்டத்திலும் முன்கூட்டியே டிக் போட்டு அச்சடிக்காதீர்கள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. வேலூரைப் பொறுத்தவரை தமிழ், தெலுங்கு, உருது, வங்காளம், இந்தி ஆகிய ஐந்திலும் அச்சடித்து வைத்தால் நடைமுறைக்குப் போதும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, வாசித்தவர் பெயரையும் எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரிடம் வாங்குங்கள். குழந்தையின் உடல்நலத்துக்குத் தேவையான சிகிச்சை அளவுக்கு கிளினிக்குகளுக்கு விதிகளில் விலக்கு இருக்கிறது, விளம்பரத்துக்குக் கிடையாது.

படி 5: கூட வருபவர் யார்?

வெளிமாநில நோயாளிகளோடு லாட்ஜ் ஆளோ, மொழி தெரிந்த புரோக்கரோ டாக்டர் அறைக்குள்ளேயே வந்துவிடுவது இந்த ஊருக்கே உரிய சிக்கல். உள்ளே கேட்டதை வைத்து எந்த லேப், எந்த மருந்துக்கடை, எந்த ஸ்கேன் என்று அவரே முடிவு செய்வார். வங்காளமோ இந்தியோ பேசத் தெரிந்த ஒரு ஊழியரை கிளினிக்கிலேயே வைத்துக்கொள்வதுதான் சரியான தீர்வு. முடியாவிட்டால், "இவர் உங்கள் உறவா? இவர் இருக்கும்போது பேசலாமா?" என்ற இரண்டு கேள்வியை நோயாளியின் மொழியில் அட்டையில் எழுதிக் காட்டி, விரலால் தொட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்கள். உள்ளூர்க் குடும்பத்துக்கும் இது பொருந்தும். மாமியாரோடு வரும் மருமகளை ஐந்து நிமிடமாவது தனியே பார்க்க, "பிரஷர் பார்க்கணும், நீங்க வெளியே உக்காருங்கம்மா" என்று நர்ஸ் சொன்னால் யாரும் தவறாக எடுப்பதில்லை.

படி 6: போன் நம்பரும் வாட்ஸ்அப்பும்

ரிப்போர்ட் தவறான ஆளுக்குப் போவதற்கு முதல் காரணம் போன் நம்பர். நோயாளி கொடுக்கும் நம்பர் பல நேரம் அவருடையது அல்ல. கணவருடையது, பேரனுடையது, சில நேரம் பக்கத்து வீட்டுக்காரருடையது. பதியும்போதே "இந்த நம்பர் யார் கையில இருக்கும்?" என்று கேட்டு, பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வராதவர் திரும்பி வந்தால் மறுபடி கேளுங்கள். துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாள் கழித்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பழைய நம்பருக்கு நீங்கள் அனுப்பும் கர்ப்பப் பரிசோதனை முடிவு யாரோ ஒருவர் வீட்டில் போய் விழும்.

வாட்ஸ்அப்பை முழுதாக விடச் சொல்வது நடக்காத பேச்சு. நோயாளிகளே அதைத்தான் கேட்கிறார்கள். ஒழுங்கோடு பயன்படுத்துங்கள்:

– கிளினிக்குக்கென்று தனி போன், தனி சிம். ஊழியரின் சொந்த போனில் ரிப்போர்ட் இருக்கவே கூடாது. அவர் வேலையை விட்டுப் போனால் அத்தனையும் அவரோடு போய்விடும்.
– மீடியா தானாக டவுன்லோட் ஆவதையும், கேலரியில் சேர்வதையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் காயத்தின் படமும் ஸ்கேனும் கூகுள் போட்டோஸுக்கு ஏறி, அந்தக் கணக்கில் நுழைந்திருக்கும் வேறு போனிலும் தெரியும்.
– வாரம் ஒருமுறை "லிங்க்ட் டிவைசஸ்" பட்டியலைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டரை நீக்குங்கள். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின் போடுங்கள்.
– பிடிஎஃப்பைப் பாஸ்வேர்டு போட்டு அனுப்புங்கள். பாஸ்வேர்டை அதே செய்தியில் எழுதினால் பூட்டிய கதவிலேயே சாவியைத் தொங்கவிட்டதுபோல. பில்லில் அச்சிட்ட நிரந்தர எண்ணைப் பாஸ்வேர்டாக வைத்தால் நோயாளிக்கும் எளிது.
– டாக்டர்கள் குழுவில் கருத்துக் கேட்கும்போது பெயர், எண், முகம் மூன்றையும் மறையுங்கள். ஈசிஜி தாளின் மேல் ஓரத்தில் பெயர் இருப்பதை மறந்துவிடுவார்கள்.

இன்னொரு இடத்தை யாரும் கவனிப்பதில்லை: பக்கத்து ஜெராக்ஸ் கடை. "பிரின்ட் வேணும்னா அங்க போங்க" என்று ரிசப்ஷனில் சொல்ல, நோயாளி ரிப்போர்ட்டைக் கடைக்காரர் நம்பருக்கு ஃபார்வர்ட் செய்கிறார். அந்தக் கடையின் போனில் ஆயிரக்கணக்கானவர்களின் ரிப்போர்ட் கிடக்கும். கிளினிக்கிலேயே ஒரு சின்ன லேசர் பிரின்டர் வைத்து, கேட்டவருக்கு ஒரு பிரதி கொடுத்தால் அந்த வழி அடைபடும்.

படி 7: தனிப் பூட்டு தேவைப்படும் தகவல்கள்

கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆஸ்பத்திரி அமைந்த பகுதி இது. 1986-இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று கண்டறியப்பட்டதும் வேலூர் சிஎம்சி ஆய்வுக்கூடத்தில்தான். நோயின் பெயர் வெளியே தெரிந்தால் ஒரு வீட்டின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும் என்பது இங்கே யாருக்கும் புதிதல்ல.

எச்ஐவி: 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி தகவலறிந்த சம்மதம் வாங்கித்தான் டெஸ்ட். முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். டாக்டரே நேரில் சொல்ல வேண்டும். ஃபைல் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர், "பாசிட்டிவ்" என்ற எழுத்து எதுவும் வேண்டாம். தொற்றுத் தடுப்பு முன்னெச்சரிக்கை எல்லா நோயாளிக்கும் ஒன்றே என்பதால் அந்த ஸ்டிக்கர் யாரையும் காப்பதில்லை, காட்டிக்கொடுக்க மட்டுமே செய்யும்.

கருக்கலைப்பு: கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம், பெண்ணின் பெயரை வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. அட்மிஷன் ரிஜிஸ்டர் டாக்டரின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். பில்லில் செய்முறையின் பெயரை விரித்து எழுத வேண்டியதில்லை.

மனநலம்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தையும், தன் பதிவைத் தானே பார்க்கும் உரிமையையும் சேர்த்தே தருகிறது. காசநோய் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியது. அதை அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதியுங்கள். பதிந்ததை நோயாளியிடமும் சொல்லுங்கள்.

படி 8: கேட்டு வருபவர்கள்

போனில் கேட்டால் யாருக்கும் இல்லை. "சார், போன்ல சொல்ல முடியாதுங்க. அவங்களையே வரச் சொல்லுங்க, இல்ல அவங்க கையெழுத்துப் போட்ட லெட்டர் கொண்டாங்க." இந்த வாக்கியத்தை ரிசப்ஷனில் அச்சடித்து ஒட்டினால், புதிதாகச் சேர்ந்த பெண்ணும் தயங்காமல் சொல்வார்.

கணவர், பெற்றோர்: 18 வயது நிரம்பியவரின் ரிப்போர்ட் அவருடையது. கல்யாணம் பேசும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் தெரிந்த லேப் டெக்னீஷியனைப் பிடித்து "பொண்ணுக்கு ஏதாவது இருக்கான்னு பாத்துச் சொல்லுப்பா" என்று கேட்பது நடக்கிறது. இதற்கு என்ன தண்டனை என்று வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்குங்கள்.

கம்பெனி: ஷூ, தோல் தொழிற்சாலைகளின் எச்ஆர் கேட்டால் "வேலைக்குத் தகுதி உள்ளவர்" அல்லது "இத்தனை நாள் ஓய்வு தேவை" என்பது போதும். நோயின் பெயர் வேண்டுமென்றால் தொழிலாளியின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

இன்சூரன்ஸ்: டிபிஏ (இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக க்ளெய்மைக் கவனிக்கும் நிறுவனம்) கேட்ட தாள்கள் மட்டும். முழு ஃபைலையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவது வேலை சுலபம்தான், ஆனால் பத்து வருடம் முந்தைய மன அழுத்தக் குறிப்பும் சேர்ந்து போய்விடும்.

போலீஸ்: வாய்மொழிக்குத் தராதீர்கள். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 94-ஆம் பிரிவின் கீழ் எழுத்துக் கேட்பு வரட்டும். கேட்டதன் பிரதியைக் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். விபத்து, அடிதடி போன்ற மருத்துவச் சட்ட வழக்குகளிலும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ விஷயத்திலும் நீங்களே தகவல் சொல்ல வேண்டிய கடமை தனி. அங்கே ரகசியம் என்று ஒதுங்க முடியாது.

நோயாளியே கேட்டால் மறுக்க வழியே இல்லை. மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002 விதிகள். பில் பாக்கிக்காக ஃபைலைப் பிடித்து வைக்காதீர்கள்.

படி 9: கம்ப்யூட்டர்

ஒவ்வொருவருக்கும் தனி லாகின். "அட்மின், 1234" என்று ஆறு பேரும் ஒன்றையே பயன்படுத்தினால் யார் திறந்தார்கள் என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது. ரிசப்ஷனுக்குப் பெயரும் பில்லும் தெரிந்தால் போதும், நோய்க் குறிப்பு வேண்டாம். யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவை ஓராண்டாவது வைத்திருங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனும் எல் பட்டனும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டும் பழக்கம் வரட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் ஓடும் பில்லிங் கம்ப்யூட்டரை மாற்றுங்கள்.

சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தவர், தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கில் நிரந்தரப் பாஸ்வேர்டு வைத்துப் போயிருப்பார். அதை நீக்கி, தேவைப்படும்போது மட்டும் நீங்களே அனுமதி கொடுங்கள். காத்திருப்போருக்கான வைஃபையும் பில்லிங் வைஃபையும் ஒன்றாக இருக்கக் கூடாது. பேக்கப் மூன்று பிரதி: கம்ப்யூட்டரில் ஒன்று, வேலை முடிந்ததும் கழற்றிப் பூட்டி வைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளினிக்குக்கு வெளியே என்கிரிப்ட் செய்தது (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியது) ஒன்று. எப்போதும் செருகியே கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கம்ப்யூட்டரின் டிஸ்க்கோடு சேர்த்தே பூட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். திரும்ப வராத பேக்கப் பேக்கப்பே அல்ல.

படி 10: எவ்வளவு நாள், பிறகு எப்படி

உள்நோயாளி பதிவுகள் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டு. ஸ்கேன் மையம் கர்ப்ப ஸ்கேனுக்கு நிரப்பும் எஃப் படிவம் 2 ஆண்டு. கருக்கலைப்பு ரிஜிஸ்டர் கடைசிப் பதிவிலிருந்து 5 ஆண்டு. வழக்கு உள்ளது வழக்கு முடியும் வரை. ஓபி சீட்டுகளை 5 ஆண்டும், குழந்தைகளின் பதிவை அவர்களுக்கு 21 வயது ஆகும் வரையும் வைப்பது நம் பரிந்துரை.

காலம் முடிந்ததை பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் போடுவதுதான் பெரிய அநியாயம். ஒரு பெண்ணின் பெயரும் வயதும் ஹார்மோன் ரிப்போர்ட்டும் உள்ள தாளில் சாயங்காலம் யாரோ போண்டா மடித்து வாங்கிச் சாப்பிடுகிறார். கிராஸ் கட் ஷ்ரெட்டர் வாங்குங்கள். நீளவாட்டில் மட்டும் வெட்டும் மெஷின் வேண்டாம், அந்தக் கீற்றுகளை ஒட்டிப் படித்துவிடலாம். அளவு அதிகமென்றால் வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துக் கூழாக்குங்கள். எக்ஸ்ரே ஃபிலிமில் உள்ள வெள்ளிக்காக வாங்குபவர்கள் வருவார்கள். பெயர் உள்ள மூலையைக் கத்தரித்த பிறகே கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை அழித்தோம் என்று டெலிட் பட்டனை நம்பாதீர்கள், டிரில் போட்டு மூன்று இடத்தில் துளையிடுங்கள். பழைய ஸ்கேன் மெஷினை விற்கும்போது அதற்குள்ளும் ஒரு டிஸ்க் இருப்பதை மறக்க வேண்டாம். எந்த நாளில் எதை யார் முன்னிலையில் அழித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, இருவர் கையெழுத்துப் போடுங்கள்.

படி 11: கசிந்துவிட்டால்

போன் தொலைந்தது, தவறான நம்பருக்கு ரிப்போர்ட் போனது, கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது எல்லாமே கசிவுதான். ஊழியர் பயந்து மறைத்தால் இரண்டு நாள் வீணாகும்; உடனே சொன்னவருக்குத் திட்டு இல்லை என்று முன்பே சொல்லி வையுங்கள். முதல் வேலை தடுப்பது: சிம்மை முடக்கு, லிங்க்ட் டிவைசஸை நீக்கு, நெட் கேபிளைப் பிடுங்கு. கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், ஆதாரம் அதில்தான் இருக்கிறது. சைபர் தாக்குதலை மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதலே உள்ள உத்தரவு. பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். புதிய சட்டக் கடமைகள் அமலானதும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தாமதமின்றித் தகவலும், 72 மணி நேரத்துக்குள் முழு விவரமும் தர வேண்டும்.

பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்வதும் கட்டாயம். டாக்டரே கூப்பிட்டுப் பேசிவிட்டு, எழுத்திலும் கொடுக்க வேண்டும். உதாரணமாக: "நேற்று மாலை 5 மணிக்கு உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு எங்கள் தவறால் வேறொருவர் நம்பருக்குப் போய்விட்டது. அதில் உங்கள் பெயரும் வயதும் ஷுகர் அளவும் இருந்தன. 5.20-க்கு அனுப்பியதை நீக்கினோம். பெற்றவரிடம் பேசி அழிக்கச் சொன்னோம், அழித்ததாகச் சொன்னார். இந்த முடிவை வைத்து யாராவது உங்களைத் தொடர்பு கொண்டால் எங்களுக்கு உடனே சொல்லுங்கள். பேச வேண்டியவர் பெயரும் நம்பரும் கீழே உள்ளன."